முப்பத்தோராயிரம் வரிகள்

பவித்ரா ஆய்வுக்கூடத்துக்கு வந்த முதல் நாள் அவளுக்கு நாற்காலி காட்டியவன் உதயகுமார்தான். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியவனும் அவன்தான். பழவேற்காட்டில் எந்த பஸ்ஸைப் பிடித்தால் பொன்னேரியில் ரயில் கிடைக்கும், எந்தப் பெட்டியில் ஏறினால் மீஞ்சூர்க் கூட்டத்தில் நசுங்காமல் வரலாம் என்பது வரை சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு அவன் மனசு குளிர்ந்திருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவன் வீடு பேர்பெற்ற வீடு. ஏரியில் முறைவைத்து வலை கட்டும் உரிமை உள்ள வீடு. பவித்ராவின் வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவள் அம்மா நாகம்மாள், கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள். அந்த வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடுகிறாள் என்று கேள்விப்பட்டதும், பாவம், நம்மால் ஆனதைச் செய்வோம் என்று நினைத்தான்.

பாவம் என்று நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் அவனுக்குச் சில மாதம்தான் நீடித்தது.

அங்கே அவர்கள் பார்த்த வேலை இதுதான். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் வருஷங்களில் ஏரித் தண்ணீரில் உப்பு ஏறிவிடும். அந்த உப்பில் வெள்ளை இறால் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, அப்போது அதன் ஜீன்களில் எவையெவை கூடுதலாக வேலை செய்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். இறாலின் ஜீன்கள் எங்கெங்கே இருக்கின்றன, எது என்ன செய்கிறது என்பதையெல்லாம் குறித்து ஒரு வெளியூர்க் கம்பெனி பெரிய கோப்பாக அனுப்பியிருந்தது. அதை அப்படியே புள்ளியியல் மென்பொருளுக்குள் போட முடியாது. கோப்பில் ஒன்பது பத்திகள். ஒன்பதாவது பத்திக்குள் பேர், வகை, வேலை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அடைத்திருப்பார்கள். மென்பொருளுக்கோ சுத்தமான பட்டியல் வேண்டும்: இந்தப் பக்கம் ஜீனின் பேர், அந்தப் பக்கம், அது எந்தெந்த வேலை செய்யும் ஜீன் கூட்டங்களைச் சேர்ந்தது என்பது. மூட்டையைப் பிரித்துப் பட்டியலாக்கும் வேலையை உதயகுமார் போன வருஷம் ஆறு வாரம் முதுகொடிய உட்கார்ந்து செய்து முடித்தான். முப்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு வரிகள்.

அந்தப் பட்டியலை மென்பொருளுக்குக் கொடுத்தபோது, மேலோட்டைக் கெட்டிப்படுத்தும் ஜீன்களின் கூட்டம் மற்றெல்லாக் கூட்டங்களையும் தள்ளிவிட்டு மேலே வந்து நின்றது. பக்கத்தில், இது தற்செயல் இல்லை என்பதற்கு அடையாளமாக மூன்று நட்சத்திரம். ஆய்வுக்கூடத் தலைவர் ஞானதாஸ், மென்பொருள் வரைந்த அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து நடைவழிச் சுவரில் ஒட்டச் சொன்னார். கீழே உதயகுமாரின் பேர். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காதவன்போலப் பார்த்துக்கொண்டே நடப்பான்.

முதலில் தைத்தது சாப்பாட்டு வேளையில்தான். பவித்ரா டிபன் டப்பாவைத் திறந்தால் நாலு மேசை தாண்டி வாசனை போகும். நாகம்மாள் செய்த இறால் தொக்கு. சரண்யா என்று ஒரு மூத்த ஆராய்ச்சியாளர், "பவி, உங்கம்மா கைக்கு மோதிரம் போடணும்டி" என்று விரலை நக்கிக்கொண்டே சொன்னாள். உதயகுமார் வருஷக்கணக்காக வீட்டு மீன் குழம்பை அதே மேசையில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறான். ஒருவரும் ஒரு வாய் கேட்டதில்லை.

அடுத்தது இறால். சோதனைக்கு உயிருள்ள, அடிபடாத இறால் வேண்டும். அவன் நைனா பெரியசாமியின் வலையில் வந்த இறாலை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தான். மீசை முறிந்திருக்கிறது, உடம்பில் காயம் என்று ஞானதாஸ் ஒதுக்கிவிட்டார். நாகம்மாள் கையால் பிடித்துப் பானைத் தண்ணீரில் விட்டு அனுப்பியதில் ஒன்றுகூடச் சாகவில்லை. "இந்தக் கைதான் நம்ம ஆய்வோட அஸ்திவாரம்" என்றார் ஞானதாஸ். அன்று முதல் நாகம்மாளின் இறால்தான். ஏரியில் உரிமை உள்ளவன் வலைக்கு இல்லாத மதிப்பு, உரிமை இல்லாதவள் விரலுக்கு! உதயகுமார் எதுவும் சொல்லவில்லை. அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எது தைத்தாலும் வாயை மூடிக்கொள்வான். முள் உள்ளேயே சீழ் பிடிக்கும்.

பிப்ரவரியில் ஞானதாஸ் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். மார்ச்சோடு இந்தத் திட்டம் முடிகிறது. அடுத்த திட்டம் மூன்று வருஷம். கணினி வேலைக்கு இப்போது இருக்கும் இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

உதயகுமாருக்கு முதலில் பயம் வரவில்லை. சுவரில் படம் இருக்கிறதே. ஆனால் அடுத்த வாக்கியத்தை ஞானதாஸ் பவித்ராவைப் பார்த்துச் சொன்னார்: "கட்டுரை அனுப்பறதுக்கு முன்னாடி உதயன் பட்டியலை இன்னொரு கை சரிபார்க்கணும். அவன் செஞ்சதப் பாக்காம, கம்பெனி கோப்புலேர்ந்து நீயே புதுசாப் பண்ணு. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம். அடுத்த வெள்ளிக்கிழமை காட்டு."

ஆறு வாரம் உழைத்ததை அவளுக்கு எட்டு நாளில் செய்யச் சொல்கிறார். அவளும், "சரிங்க சார்" என்கிறாள்! அதற்குப்பின் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஞானதாஸ் கால்மணி நேரம் நின்று பேசியதையும், நடுவில் இரண்டு முறை சிரித்ததையும், தன் திரையையே பார்த்தபடி உதயகுமார் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேறு ஒரு பட்டியல். ஏரியில் வலை கட்டும் முறைக்குப் பாடு என்று பேர். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கல்யாணம் ஆன ஒவ்வோர் ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. படித்தவன் என்பதால் பேர்ப்பட்டியலை லேப்டாப்பில் அடித்துக் கொடுப்பது நாலு வருஷமாக உதயகுமார்தான்.

பெரியசாமி கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சந்தியாகு ஊட்டுக்கு நாலு போடு. அவன், மூணு புள்ளைங்க. நம்ம ஊட்டுக்கு மூணு. நானு, பெரியவன், நடுவுலவன்."

"நானு?" என்றான் உதயகுமார், விளையாட்டாக.

"நீ இன்னா தலக்கட்டா? தாலிய கட்டு, அப்பால வா."

பெரிய அண்ணி ருக்கு மீன் அலசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையை நீட்டினாள். "மாமா, அவுருக்குப் பொண்ணு குடுக்கறவன், வேலை பர்மனண்டானு கேக்கறான். வேலை குடுத்தவன், மார்ச்சுக்கு அப்பால பாக்கலாங்கறான். எந்த லிஸ்டுலதான் போடறது இவுர?"

எல்லாரும் சிரித்தார்கள். உதயகுமாரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரே வீட்டு இலக்கத்துக்கு நேரே மூன்று வரி அடித்தான். அதில் தன் பேர் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வேலையும் போய்விட்டால் ஏரியிலும் இல்லை, கரையிலும் இல்லை. அந்த இடத்தில் பவித்ரா சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனவனே தான்தான் என்பதை நினைத்தபோது வாயில் கசந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் எல்லாரும் தொக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, எல்லாருக்கும் பொதுவான கணினியில் இருந்த பவித்ராவின் கோப்புறையை அவன் திறந்தான். திறக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவள் பட்டியல் முடிந்திருந்தது. கடைசிக்குப் போய் வரி எண்ணைப் பார்த்தான்.

பதினெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு.

இன்னொரு முறை பார்த்தான். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளைக் காணோம். வலை கிழிந்து பாதி இறால் ஓடிப்போனதுகூடத் தெரியாமல் கரைக்கு வந்திருக்கிறாள் பெண்! அவனுக்குள் இத்தனை நாள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்து இதமாகப் பரவியது. எழுந்துபோய் அவள் தோளைத் தட்டி, 'பவித்ரா, வரி கம்மியா வருது பாரு' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நியாயம் அதுதான். எட்டு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

கோப்புறையை மூடினான். அன்று முதன்முறையாகப் போய்த் தொக்கில் ஒரு வாய் கேட்டு வாங்கினான். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் பவித்ரா அவனுக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். திருப்பாலைவனம் வருவதற்குள் ஒரு முறை இருமினாள். பிறகு முன்னால் சாய்ந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ரெண்டையும் இப்ப பக்கத்துல வெச்சுப் பாத்துனு இருக்கேன். உங்க லிஸ்டுல ஒரு சந்தேகம்..."

சந்தேகமாம். தன் பட்டியலில் பாதியைத் தொலைத்துவிட்டு, என் பட்டியலில் சந்தேகம். உதயகுமார் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். திறக்கவில்லை.

"அண்ணா?"

மூச்சை நீட்டி விட்டான். பஸ் குலுங்கியது. அவள் பின்னால் சாயும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பொன்னேரி வரை அவன் கண்ணைத் திறக்கவே முடியாமல் போயிற்று. வெயில் இமையில் சுட்டது. அந்த இருட்டுக்குள் வெள்ளிக்கிழமைக்கான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். புதன்கிழமை வேறு பஸ்ஸில் போனான். வியாழக்கிழமை அவள் மேசைப் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். ஞானதாஸ், சரண்யா, இன்னும் ஐந்தாறு பேர். பவித்ரா தன் படத்தைத் திரையில் போட்டாள். மேலோட்டுக் கூட்டத்துக்கு நட்சத்திரமே இல்லை. அது நடுவில் எங்கேயோ பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. மேலே வந்திருந்தது வேறு கூட்டம்: உடம்புக்குள் உப்பு புகுவதையும் வெளியேறுவதையும் பார்த்துக்கொள்ளும் ஜீன்கள். அதற்கு ஒரு நட்சத்திரம்.

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. ஞானதாஸ் நெற்றியைச் சுருக்கினார். இதுதான் நேரம் என்று உதயகுமாருக்குத் தோன்றியது. எழுந்து நின்றான். உட்கார்ந்தே கேட்டிருக்கலாம், நின்றான்.

"பவித்ரா, உன் பட்டியல்ல மொத்தம் எத்தனை வரி?"

"பதினெட்டாயிரத்து நானூத்திப் பதினேழு."

"என்னுதுல முப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு. கம்பெனி கோப்பு ஒண்ணுதான். மிச்சம் பன்னெண்டாயிரத்து எழுநூத்தி எண்பத்தொன்பது வரி எங்க போச்சு?"

சொல்லி வைத்ததுபோல அறை அமைதியாயிற்று. அந்த அமைதியை அவன் நாலு நாளாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

பவித்ரா பதறவில்லை. அவனைக் கொஞ்சம் வருத்தமாகப் பார்த்ததுபோல இருந்தது. "எங்கயும் போவலண்ணா. உள்ளயேதான் இருக்குது" என்றாள். அவனுடைய பட்டியலைத் திறந்து, ஒரு ஜீனின் எண்ணை அடித்துத் தேடினாள். நாலு வரி வந்தது. நாலிலும் ஒரே எண். கடைசியில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வால்.

"சார், இது நாலு ஜீன் இல்ல. ஒரே ஜீனத்தான் இறால் உடம்பு நாலு விதமா வெட்டி ஒட்டிப் படிக்குது. கம்பெனிக்காரன் ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு வரி போட்டிருக்கான். நான் வால எடுத்துட்டு, ஒரு ஜீனுக்கு ஒரு வரினு சேத்துட்டேன். அந்த மேலோட்டுக் கூட்டத்துல அண்ணன் பட்டியல்படி நாப்பத்திமூணு. ஆனா ஜீன்னு பாத்தா பதினொண்ணுதான். பதினோரு பேரு நாப்பத்திமூணு பேரு மாதிரி நின்னா, மென்பொருள் பெரிய கூட்டம்னு நெனச்சு நட்சத்திரம் போட்டுடுது."

யாரும் பேசவில்லை. இந்த அமைதி வேறு மாதிரி இருந்தது.

"உதயா, ஆறு வாரம் இதை வெச்சிருந்தியே. ஒரே எண் நாலு தடவ வர்றது உன் கண்ணுல படலயா?" என்று கேட்டார் ஞானதாஸ்.

பட்டிருந்தது. அதுதான் கொடுமை. எத்தனையோ முறை பட்டிருந்தது. ஒரு முறைகூட உறுத்தவில்லை. சந்தியாகு வீட்டுக்கு நாலு. நம்ம வீட்டுக்கு மூணு. ஒரே வீடு பட்டியலில் மூன்று முறை வருவதைப் பார்த்தே அவன் வளர்ந்தவன். பெரிய வீடு என்றால் பல வரி வரத்தான் செய்யும் என்று அவன் கை பழகியிருந்தது. இதை எப்படி இந்த அறையில் சொல்வது? அவன் நின்றுகொண்டே இருந்தான்.

ஞானதாஸ் அவன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் இன்னொன்று கேட்டார்.

"எழுநூத்தி எண்பத்தொன்பதுனு கணக்காச் சொன்ன. அவளோட வரி எத்தனைனு உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தான். வாயில் வரவில்லை. "திங்கட்கிழமை சார்."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா சார்."

"அவ வரியத் தொலைச்சிட்டானு நெனச்சுக்கிட்டு, நாலு நாள் சும்மா இருந்திருக்க." அவர் பவித்ராவின் பக்கம் திரும்பினார். "நீயாவது இவனக் கேட்டியாம்மா?"

பவித்ரா ஒரு கணம் தயங்கினாள். "செவ்வாக்கெழம பஸ்ஸுலயே கேக்கலாம்னு கூப்ட்டேன் சார். அண்ணன் தூங்கினு இருந்தாரு."

சரண்யா களுக்கென்று சிரித்துவிட்டாள். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஞானதாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "தப்புக் கணக்குப் போடறவன நான் வெச்சுப்பேன் உதயா, நானே போட்டிருக்கேன். ஆனா தெரிஞ்சும் சொல்லாதவனோட மூணு வருஷம் எப்படி வேலை செய்யறது?" அடுத்த திட்டத்துக்குப் பவித்ரா. அவனுக்கு மார்ச் முப்பத்தொன்று வரை. நடைவழிப் படத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவனே போய் நாலு மூலையும் உரித்து, சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ரயிலில் இடம் கிடைத்தது. லேப்டாப்பைத் திறந்து, வாலை எடுத்துவிட்டு ஒன்றுசேர்க்கும் கட்டளையைத் தானே எழுதி ஓடவிட்டான். ஒரே வரிதான். எண்ணூர் தாண்டுவதற்குள் முப்பத்தோராயிரம் பதினெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழாக வடிந்துவிட்டது. மூன்று நட்சத்திரமும் போயிற்று. உப்புக் கூட்டம் மேலே வந்தது. அழகான முடிவு. ஏரியில் பிறந்த எவனும் முதலில் ஊகித்திருக்க வேண்டிய முடிவு. அது தன்னுடையதாக இருந்திருக்கலாமே என்று அப்போதும் மனசு அடித்துக்கொண்டது. வெட்கத்துக்கு நடுவிலும் பொறாமை தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பொன்னேரியில் பஸ்ஸில் ஏறியபோது பவித்ரா முன்பே உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு வரிசை தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினான். பஸ் புறப்பட்டது. யாரோ எழுந்து வந்து பின்சீட்டில் உட்காரும் சத்தம்.

"இன்னிக்கும் தூக்கமாண்ணா?"

அவன் அசையவில்லை.

"எங்கம்மா தண்ணிக்குள்ள கையாலயே தடவிச் சொல்லும், இறால் செத்துப்போய்க் கெடக்குதா, சும்மா கெடக்குதானு. நான் அதுங்கூடவே வளந்தவ. அன்னிக்கும் நீங்க தூங்கல."

வண்டி நெல்வயல்களைத் தாண்டித் திருப்பாலைவனத்தில் நின்று கிளம்பியது. ஒரு வெங்காய மூட்டை ஏறி, அதைப் பற்றிக் கண்டக்டர் போட்ட சண்டையும் ஓய்ந்தது. உதயகுமார் கண்ணைத் திறந்தான். திரும்பாமலே கேட்டான்.

"அப்ப ஏன் சார்கிட்ட தூங்கினேன்னு சொன்ன?"

"பின்ன, கண்ண மூடினு நடிச்சாருனு சொல்லச் சொல்றீங்களா? எனக்கே அசிங்கமா இருந்திச்சு."

அவள் குரலில் கோபம் இருந்தது. எட்டு மாதத்தில் அவன் அதை ஒரு முறையும் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வரும் என்றே அவன் நினைத்துப் பார்த்ததில்லை. பாவம் என்று மட்டுமே நினைத்திருந்தான். அப்புறம் எதிரி என்று. தன்னைப்போல அவளும் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடி வருகிற ஒருத்தி என்பது நடுவில் எங்கேயோ விட்டுப்போயிருந்தது.

இந்த முறை திரும்பி உட்கார்ந்தான்.

"அன்னிக்கு இன்னா கேக்க வந்த? இப்பக் கேளு."

"இப்ப எதுக்கு?"

"கேளு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, முதல் முறையாகக் கேட்பவள்போல, அதே தயக்கத்தோடு கேட்டாள். "உங்க லிஸ்டுல ஒரே ஜீன் நாலு தபா வருதேண்ணா. வேணும்னேதான் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றான் உதயகுமார். "பாடு லிஸ்டு அடிச்சு அடிச்சுப் பழக்கம். ஒரே ஊட்டுக்கு நாலு வரி வந்தா எனக்குத் தப்பாவே தெரில."

பவித்ரா சட்டென்று சிரித்துவிட்டாள். "எங்க ஊட்டு பேரு எந்த லிஸ்டுலயும் ஒரு தபாகூட வந்ததில்லயே. அதான் எனக்கு மொத நாளே கண்ணுல குத்திடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. பைக்குள் சுருட்டி வைத்திருந்த படம் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளினான். சந்தை நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. பழவேற்காடு வந்துவிட்டது. இறங்குவதற்கு எழுந்தவள் நின்று, "அந்த வால எடுக்கற கட்டளைய எப்படி எழுதணும்னு நாளைக்குக் காட்டட்டுமா?" என்று கேட்டாள்.

ரயிலிலேயே எழுதிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

"காட்டு" என்றான்.